கல்வெட்டின் இரண்டாம் பதிப்பு

"சர்வர் டவுன், நாளைக்கு வாங்க."

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு கவுன்டரில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு. பட்டா நகல் எடுக்க வந்தவர், அடகு வைத்த நகையைத் திருப்ப வந்தவர், மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்று கேட்டு வந்தவர் என்று எல்லோருக்கும் பொதுவான வாக்கியம் அது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருகிறவருக்கு அந்த "நாளைக்கு" என்பது இன்னொரு நாள் கூலி, இன்னொரு தடவை பஸ் கட்டணம். சொல்லும் ஊழியரைக் கோபித்துப் பயனில்லை. அவர் முன்னால் இருப்பது வெறும் திரை. சர்வர் எங்கோ ஒரு தரவு மையத்தில், குளிரூட்டிய அறையில் இருக்கிறது.

சர்வர் நின்றுபோகக் காரணங்கள் பல உண்டு. மின்வெட்டு, அறுந்த கேபிள், ஒரே நேரத்தில் குவியும் கூட்டம். இவை பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீண்டு செய்தித்தாள் வரை போன தடங்கல்களில் பலவற்றுக்குக் காரணம் வேறு. யாரோ நல்லெண்ணத்தோடு பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பை வைத்திருப்பார்கள். கணினித் துறையில் இதை 'மேஜர் வெர்ஷன் அப்கிரேடு' என்பார்கள். அதைத் திட்டமிடுவது தனியொரு கலை. அந்தக் கலையைப் பற்றிப் பேச உத்திரமேரூரிலிருந்தே தொடங்கலாம். ஒரு கூட்டுச் செயல்பாட்டின் விதிகளை முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று இரண்டாகவே கல்லில் வெட்டி வைத்திருக்கும் ஊர் அது.

ஊரின் நடுவே உள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடத்தில் இட்ட ஓலையை எடுத்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறை என்றதும் பாடப்புத்தகங்கள் ஒரே சாசனத்தைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. தேர்தல் விதிகளைச் சொல்லும் சாசனங்கள் அங்கே இரண்டு. முதலாவது மன்னனின் 12ஆம் ஆட்சியாண்டில், 919ஆம் ஆண்டு வெட்டப்பட்டது. மற்றது 14ஆம் ஆட்சியாண்டில், 921இல். இரண்டே ஆண்டில் அதே சபை, அதே தேர்தலுக்கான விதிகளைத் திரும்ப உட்கார்ந்து எழுதியிருக்கிறது. முதல் தீர்மானத்தின்போது மன்னனின் ஆணைப்படி தத்தனூர் மூவேந்தவேளான் உடனிருந்தார். இரண்டாவதற்குச் சோமாசிப் பெருமான் வந்திருந்தார். 1904-05ஆம் ஆண்டுக்கான தொல்லியல் துறை அறிக்கையில் வி. வெங்கையா இவற்றை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்க முடிவது அவர் உழைப்பால்தான்.

ஒப்பிட்டால் என்ன தெரிகிறது?

முதலில், மாறாதவை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிந்திருப்பது மாறவில்லை. பெயரை ஓலையில் எழுதிக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவது மாறவில்லை. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பதும் மாறவில்லை. ஆண்டுக் குழுவான சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்ற கணக்கும், 360 நாள் பதவிக்காலமும், கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடி நிற்கக் கூடாது என்ற தடையும் அப்படியே தொடர்ந்தன.

மாறியவை வேறு. 919இல் வயது 30க்கு மேல் 60க்குள் என்று இருந்தது. 921இல் அது 35க்கு மேல் 70க்குள் என்றாகிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும் என்ற விதிக்கு, கல்வித் தகுதி உள்ளவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று ஒரு விலக்கு சேர்கிறது. தகுதி இழப்புக்கான காரணங்களின் பட்டியல் மிகவும் நீள்கிறது. எல்லாவற்றையும்விட, ஓலை எடுக்கும் முறை அணு அணுவாக விவரிக்கப்படுகிறது. சபை முழுவதும், சிறியோர் பெரியோர் அனைவரும், கூடியிருக்க வேண்டும். கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு குடும்பின் ஓலைக்கட்டைச் சிறுவன் எடுக்க, அதை வேறொரு வெற்றுக் குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நடுவரான மத்தியஸ்தனிடம் கொடுக்க வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். அவன் படித்த பெயரை அங்குள்ள நம்பிமார் எல்லோரும் படிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் எழுதப்படும்.

ஐந்து விரலையும் விரித்து! இப்படியொரு வரி எங்கோ ஓர் அனுபவத்திலிருந்து வந்திருக்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது, அல்லது யாரோ பார்த்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டு ஓடிப் பார்த்ததில் தெரிந்த ஓட்டைகளை அடைத்த பதிப்பு இது என்று ஊகிப்பதில் தவறில்லை. மக்கள் பழகிய கருவிகளான குடத்தையும் ஓலையையும் தொடாமல், உள்ளே இருந்த விதிகளையும் பாதுகாப்பையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மாற்றத்தைச் சபையில் வைத்தே செய்திருக்கிறார்கள்.

இதை இன்றைய பொருளில் மக்களாட்சி என்று பெருமைப்படும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அது ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்கு மானியமாக விடப்பட்ட ஊர். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களின் சபை அது. ஏரியில் மண் சுமந்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. விதியை மாற்றுகிறவர்கள் ஒரு பக்கமும் அதன் விளைவைச் சுமக்கிறவர்கள் இன்னொரு பக்கமும் இருக்கும் இந்த நிலை, சர்வர் அப்கிரேடிலும் அப்படியே தொடர்கிறது. அதற்கு இந்த அத்தியாயத்தின் கடைசியில் திரும்ப வரலாம்.

ஓர் அலுவலகத்தில் பலர் சேர்ந்து வேலை செய்வதற்கான சர்வர் என்றால் என்ன? கோப்பு ஒன்று. அதை ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் திருத்துகிறார், மூன்றாமவர் ஒப்புதல் தருகிறார், நான்காமவர் மூன்று ஆண்டு கழித்துத் தேடி எடுக்கிறார். மின்னஞ்சல், நாட்காட்டி, சுற்றறிக்கை, விடுப்பு விண்ணப்பம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட்டும் எக்ஸ்சேஞ்சும் இந்த வகை. அரசு அலுவலகங்களில் தேசியத் தகவல் மையத்தின் இ-ஆபீஸ். வங்கிகளிலும் பெரிய ஆலைகளிலும் முப்பதாண்டுப் பழக்கமுள்ள டோமினோ. ஐபிஎம் வசமிருந்த டோமினோவையும் வேறு சில மென்பொருள்களையும் 2019இல் எச்.சி.எல். வாங்கிக்கொண்டது. 180 கோடி டாலர் கைமாறிய அந்த வணிகத்தின் பின்னால் இருந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் தூத்துக்குடி மாவட்டத்து மூலைப்பொழி கிராமத்தில் பிறந்த சிவ நாடார்.

நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எதற்காக மாற்ற வேண்டும்? எல்லா அலுவலகத்திலும் எழும் நியாயமான கேள்வி இது. பதில் நாட்காட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் அதைச் செய்த நிறுவனம் ஒரு கடைசித் தேதி குறிக்கிறது. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் அந்தத் தேதி 2025 அக்டோபர் 14. ஷேர்பாயின்ட் 2016, 2019 இரண்டுக்கும் 2026 ஜூலை 14. அந்த நாளுக்குப் பிறகு சர்வர் நின்றுவிடாது. வழக்கம்போல் ஓடும். ஆனால் பூட்டில் புதிதாக ஒரு பழுது கண்டுபிடிக்கப்பட்டால் அதைச் சரிசெய்ய யாரும் வர மாட்டார்கள்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2025 ஜூலை காட்டியது. நிறுவனங்கள் தங்கள் கட்டடத்திலேயே வைத்து ஓட்டும் ஷேர்பாயின்ட் சர்வர்களில் 'டூல்ஷெல்' என்று பெயரிடப்பட்ட ஓட்டை வழியாகத் தாக்குதல் நடந்தது. கடவுச்சொல் எதுவும் இல்லாமலே உள்ளே நுழைந்தவர்கள், சர்வர் தன்னைத்தானே அடையாளம் காட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் ரகசியச் சாவிகளைத் திருடிச் சென்றார்கள். அதனால் ஓட்டையை அடைத்தால் மட்டும் போதவில்லை, சாவிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு சில நாளில் அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஆதரவு முடிந்துபோன 2010, 2013 பதிப்புகளுக்கு எதுவும் வரவில்லை.

ஆகவே மாற்றத்தான் வேண்டும். எப்படி?

அப்கிரேடில் இரண்டு வழிகள் உண்டு. இருக்கும் வீட்டுக்குள்ளேயே குடியிருந்துகொண்டு சுவரை இடித்துக் கட்டுவது ஒன்று. பக்கத்து மனையில் புது வீடு கட்டி, சாமான்களைக் கொண்டுபோய் வைத்து, எல்லாம் சரியென்று பார்த்த பிறகு பழைய வீட்டைப் பூட்டுவது மற்றொன்று. முதல் வழி செலவு குறைவு. நடுவில் மழை வந்தால் ஒதுங்க இடமில்லை. ஷேர்பாயின்ட் 2013 பதிப்பிலிருந்து முதல் வழியையே மூடிவிட்டது. புதிய சர்வர்களை நிறுவி, பழைய தரவுத்தளத்தின் நகலை அங்கே கொண்டுபோய் இணைக்க வேண்டும். இணைக்கும்போது தரவுத்தளத்தின் உள்ளமைப்பு புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றப்படும்.

இதில் படி தாண்டவும் முடியாது. 2010இல் இருக்கும் ஒருவர் நேராக 2019க்குப் போக நினைத்தால், இடையில் 2013, 2016 ஆகிய இரண்டு வீடுகளிலும் சாமானை இறக்கி ஏற்றித்தான் போக வேண்டும். "இந்தத் தடவை வேண்டாம், அடுத்ததற்குப் போகலாம்" என்று இரண்டு முறை தள்ளிப்போட்டவருக்கு மூன்றாவது முறை வேலை மூன்று மடங்காவது இதனால்தான். 2016இலிருந்து 2019ஐத் தாண்டி, அதற்கு அடுத்து வந்த சந்தா பதிப்புக்கு நேராகப் போகலாம் என்பது பிற்காலத்தில் கிடைத்த சலுகை.

டோமினோ வேறு குணம். அதன் பலமே நகலெடுப்பு. ஒரே தரவுத்தளத்தின் பிரதிகள் பல சர்வர்களில் இருக்கும், மாற்றங்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும். ஒரு சர்வர் புதிய பதிப்பிலும் இன்னொன்று பழைய பதிப்பிலும் இருந்தாலும் இந்தப் பேச்சுவார்த்தை நடக்கும். ஆகவே நிர்வாகச் சர்வரில் தொடங்கி, அஞ்சல் சர்வர்களை ஒவ்வொன்றாக மாற்றி, ஊழியர்களின் மேசைக் கணினிகளைக் கடைசியில் தொடலாம். வரிசை முக்கியம்: முதலில் சர்வர், பிறகு பயனர், கடைசியில் வார்ப்புருக்கள். பழையதும் புதியதும் சில மாதம் ஒன்றாக வாழ முடிகிற அமைப்பு, திட்டமிடுகிறவருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய கொடை.

அந்தக் கொடை இல்லாதவர்கள் நேரத்தோடு போராட வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அலுவலகத்தில் 10 டெராபைட் கோப்புகள். நொடிக்கு 1 கிகாபிட் வேகமுள்ள இணைப்பு, அதாவது குறையே இல்லாமல் ஓடினால் நொடிக்கு 125 மெகாபைட். 10 டெராபைட்டை நகர்த்த 80,000 நொடி, சுமார் 22 மணி நேரம். வெள்ளி மாலை 6 மணிக்குச் சர்வரை மூடி திங்கள் காலை 9 மணிக்குத் திறப்பதாக வைத்துக்கொண்டால் கையில் இருப்பது 63 மணி நேரம். போதும் என்றுதான் தோன்றும். ஆனால் நகலெடுத்ததைச் சரிபார்க்க வேண்டும், உள்ளமைப்பை மாற்ற வேண்டும், தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்ட வேண்டும். இவற்றுக்கு நடுவே ஏதாவது கெட்டுப்போனால், பேக்கப்பிலிருந்து அத்தனையையும் திரும்ப எடுக்க அதே 22 மணி நேரம் ஆகும். 63இலிருந்து 22 போனால் 41. வெள்ளி மாலையிலிருந்து 41ஆவது மணி, ஞாயிறு காலை 11. அந்த நேரத்தில் நிலைமை சரியில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிவிட வேண்டும். 12 மணிக்குத் திரும்ப முடிவெடுத்தால் திங்கட்கிழமை கவுன்டர் திறக்காது.

நல்ல திட்டத்தில் இந்த "ஞாயிறு காலை 11" முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அதை அறிவிக்க வேண்டியவர் பெயரும் எழுதப்பட்டிருக்கும். ஏனென்றால் இரண்டு இரவு தூங்காத பொறியாளர்கள் "இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள், முடித்துவிடுகிறோம்" என்று மனதார நம்பியே சொல்வார்கள். திரும்பி வரும் வழியை முன்கூட்டியே எழுதி வைப்பதும், அதைத் தொடங்க வேண்டிய மணியைக் குறித்து வைப்பதும்தான் திட்டமிடலின் முதல் வேலை என்பது இந்த அத்தியாயத்தின் மையக் கருத்து. புதிய பதிப்பின் வசதிகளைப் பட்டியலிடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி சாட்சி. லாயிட்ஸ் வங்கியின் கணினி அமைப்பில் ஓடிக்கொண்டிருந்த அந்த வங்கி, தன் உரிமையாளரான ஸ்பெயினின் சபடெல் வங்கி உருவாக்கிய அமைப்புக்கு மாற முடிவு செய்தது. 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளும் நகர்ந்தன. தரவுகள் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தன. ஆனால் ஞாயிறு மாலை கதவைத் திறந்ததும் புதிய அமைப்பு கூட்டத்தைத் தாங்கவில்லை. 19 லட்சம் பேரால் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. சிலருக்கு வேறொருவர் கணக்குத் தெரிந்தது. எல்லாம் சீராக அந்த ஆண்டின் டிசம்பர் ஆயிற்று. பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்த செய்திகளில் ஒன்று மனதில் தங்கிவிடுகிறது: இரண்டு தரவு மையங்களும் சேர்ந்து இயங்க வேண்டிய அமைப்பில், சுமைச் சோதனை ஒரு மையத்தில் மட்டுமே நடந்திருந்தது. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன.

நம் ஊருக்கு வந்தால், 2021 ஜூன் 7 அன்று திறக்கப்பட்ட வருமான வரித் தளம். இன்ஃபோசிஸ் உருவாக்கியது. மத்திய அமைச்சரவை 2019இல் சுமார் 4,242 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டம். கணக்கைச் சரிபார்க்கும் காலத்தை 63 நாளிலிருந்து ஒரே நாளாகக் குறைப்பது அதன் நோக்கம். பழைய தளத்தை ஜூன் 1 முதல் 6 வரை மூடிவிட்டுப் புதியதை எல்லோருக்கும் ஒரே நாளில் திறந்தார்கள். லாகின் தடங்கல்களும் திரும்ப வராத ஒப்புகைகளுமாக வாரங்கள் கழிந்தன. ஆகஸ்டில் இரண்டு நாள் தளமே கிடைக்காமல் போக, நிதி அமைச்சகம் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி சலீல் பரேக்கை நேரில் அழைத்து விளக்கம் கேட்டது. கடைசி நாள் டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த நாளுக்குள் அதே தளத்தின் வழியாக 5 கோடியே 89 லட்சம் கணக்குகள் தாக்கலாயின என்பதையும் சொல்ல வேண்டும். தளம் மோசமானதல்ல. அதற்குப் பழகவும் திருந்தவும் கிடைக்க வேண்டிய காலத்தை வரி செலுத்துகிறவர்களின் தாக்கல் பருவத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

பருவம் பார்ப்பது காஞ்சிபுரம் மாவட்டத்து விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல. ஏரிகளை நம்பிய மாவட்டம் இது. மதகைப் பழுதுபார்க்கிறவர் ஏரி நிறைந்திருக்கும் ஐப்பசியில் அதில் கைவைக்க மாட்டார். சித்திரை, வைகாசியில் நீர் வற்றித் தரை தெரியும்போது இறங்குவார். அலுவலகச் சர்வருக்கும் கோடையும் மழையும் உண்டு. மார்ச் மாதக் கணக்கு முடிப்பும், கல்லூரிச் சேர்க்கைக் காலமும், தேர்தல் அறிவிப்பு நாள்களும் அதன் மழைக்காலம்.

அடுத்தது முகவரி. சர்வர் புதிய இடத்துக்குப் போய்விட்டது என்று உலகத்துக்கு எப்படித் தெரியும்? இணையத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் முகவரி. உலகெங்கும் உள்ள கணினிகள் அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் கேட்பதில்லை, கேட்டதைச் சில காலம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. எவ்வளவு காலம் என்பதை முகவரியின் சொந்தக்காரரே நொடிகளில் குறித்து வைக்கலாம். 86,400 என்று இருந்தால் ஒரு முழு நாள். அப்படியே விட்டுவிட்டு இடம் மாறினால் ஒரு நாள் முழுக்கச் சிலருடைய கடிதம் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும். அனுபவமுள்ளவர்கள் மாறுவதற்குச் சில நாள் முன்பே அதை 300 நொடி, அதாவது 5 நிமிடம் என்று குறைத்து வைத்துவிடுவார்கள். மாறி, எல்லாம் நிலைத்த பிறகு பழையபடி ஏற்றுவார்கள். செலவில்லாத, சிறிய, மறக்கக் கூடாத வேலை இது.

மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் தேசியத் தகவல் மையத்தின் பழைய அமைப்பிலிருந்து ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டது அண்மைக் காலத்தின் பெரிய இடமாற்றங்களில் ஒன்று. 2023இல் 7 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் ஆனது. பெட்டிகள் எல்லாம் இடம் மாறியபோதும் ஊழியர்களின் முகவரி மாறவில்லை, அதே அரசு முகவரிதான். உத்திரமேரூர்ச் சபை குடத்தையும் ஓலையையும் விட்டுவைத்ததுபோல, பயன்படுத்துகிறவரின் கைக்குப் பழகியதை விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஜோஹோவின் தலைமை வளாகம் கூடுவாஞ்சேரிக்கு அருகே இருக்கிறது. 2019 நவம்பர் 29 வரை அது காஞ்சிபுரம் மாவட்டம். அன்றைக்குச் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது, உத்திரமேரூர் காஞ்சிபுரத்தோடு தங்கியது. தரவுத்தளம் வைத்திருக்கும் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் அந்த நாள் ஓர் அப்கிரேடுதான். புதிய மனு செங்கல்பட்டு மாவட்டம் என்று வர வேண்டும். ஆனால் 2015இல் பதிவான கூடுவாஞ்சேரிப் பத்திரத்தில் மாவட்டம் காஞ்சிபுரம் என்றுதான் இருக்க வேண்டும், அதுதான் அன்றைய உண்மை. எல்லா இடத்திலும் பழைய பெயரைத் தேடிப் புதியதை இட்டுவிட்டால் வேலை சுத்தமாக முடிந்ததுபோல் தெரியும். வழக்கு மன்றத்தில் ஆவணம் பொருந்தாமல் நிற்கும்போதுதான் தவறு புரியும்.

தமிழ் அலுவலகங்களுக்கு இதைவிட ஆழமான ஒரு சிக்கல் உண்டு. பிற மாநிலத்து வல்லுநர்கள் எழுதிய கையேடுகளில் அது இருக்காது. பழைய கோப்புகளின் எழுத்துரு.

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்த கோப்பைச் சர்வர் எப்படிப் பார்க்கிறது? ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாக. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவத்தை மேலே போர்த்தியதுதான் அந்த எழுத்துரு. மனிதக் கண்ணுக்குத் தமிழ், கணினிக்குப் பொருளற்ற ஆங்கிலம். யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் நிலைமை வேறு. அங்கே தமிழுக்கென்று 128 இடங்கள் உள்ள தனித் தெரு இருக்கிறது. தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்று ஒவ்வொன்றும் தன் அடையாளத்தோடு நிற்கும். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் பாமினியிலும் வானவில்லிலும் இன்னும் பல எழுத்துருக்களிலும் எழுதிக் குவித்த சுற்றறிக்கைகள், தீர்மானங்கள், பயனாளிப் பட்டியல்கள் அப்படியே இருக்கின்றன.

எழுத்துக்கு எழுத்து மாற்றிவிட்டால் போதாதா? போதாது. 'உத்திரமேரூர்' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். அதில் வரும் 'மே' பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி எழுதப்படும். முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு மகரம். ஒருங்குறியில் ஒலிப்பு வரிசை. முதலில் மகரம், பிறகு கொம்பு. ஆக மாற்றும் நிரல் குறிகளை மாற்றுவதோடு இடத்தையும் மாற்ற வேண்டும். கொ, கோ போல இரண்டு பக்கமும் குறி வரும் எழுத்துகளில் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். ஒரே கோப்பில் ஆங்கிலச் சொல் நடுவே வந்தால், அது உண்மையான ஆங்கிலமா, தமிழ் போர்த்தியதா என்று எழுத்துருக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் கோப்பை மட்டும் புதிய சர்வருக்கு நகர்த்தினால், எண்ணிக்கை சரியாக இருக்கும், ஒரு பைட் குறையாது, அறிக்கையில் வெற்றி என்று வரும். தேடல் பெட்டியில் உத்திரமேரூர் என்று அடித்தால் ஒரு கோப்பும் வராது.

எனவே எண்ணிப் பார்ப்பதை மட்டும் சோதனை என்று சொல்ல முடியாது. ஒத்திகை வேண்டும். நேற்றைய பேக்கப்பை ஒரு தனிச் சர்வரில் உயிர்ப்பித்து, அப்கிரேடை முழுதாக ஒரு முறை செய்து பார்ப்பது ஒத்திகை. கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். காகிதத்தில் 22 மணி என்று போட்ட கணக்கு நடைமுறையில் 31 என்று வந்தால் ஞாயிறு காலை 11 என்ற எல்லை ஞாயிறு அதிகாலை 2 ஆகிவிடும். அதைத் திட்டத்தில் திருத்தி எழுத வேண்டும். இதே ஒத்திகையில் பேக்கப் உண்மையில் திரும்பி வருகிறதா என்பதும் தெரிந்துவிடும். பல அலுவலகங்களில் பேக்கப் தினமும் எடுக்கப்படுகிறது, திரும்ப எடுத்துப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்.

ஒத்திகையில் வேறொன்றும் வெளிவரும். எட்டு ஆண்டுக்கு முன் ஓய்வு பெற்ற ஒருவர் எழுதிக் கொடுத்த சிறு நிரல், மாதக் கடைசியில் ஒரு நாள் மட்டும் ஓடி அறிக்கை தயாரிப்பது. எந்தப் பட்டியலிலும் அது இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, ஒரு பிரிவு முழுக்க அதை நம்பி இருக்கிறது. பதிப்பு மாறினால் நின்றுபோகிறவை பெரும்பாலும் இப்படிப்பட்டவையே. கேட்டு எழுதும் பட்டியலைவிடச் சர்வரின் பதிவேட்டில் ஒரு முழு ஆண்டில் எது எப்போது ஓடியது என்று பார்த்து எழுதும் பட்டியல் நம்பகமானது.

பழையதை என்ன செய்வது? உடனே அழித்துவிடக் கூடாது. எழுத முடியாமல், படிக்க மட்டும் திறந்து வைத்து, இணையத்தின் தொடர்பிலிருந்து விலக்கி, குறைந்தது ஒரு மார்ச் கணக்கு முடிப்பு வரை வைத்திருக்க வேண்டும். புதியதில் காணாமல் போன ஒன்றைத் தேட வேறு வழி கிடையாது. 921இல் புதிய விதி வந்தபோது 919இன் எழுத்தை யாரும் கொத்தி எடுக்கவில்லை. அதனால்தான் இன்று நம்மால் ஒப்பிட முடிகிறது.

இனி, ஏரியில் மண் சுமந்தவர்கள்.

அப்கிரேடு சோதனைகள் பெரும்பாலும் தலைநகரத்தில், வேகமான இணைப்பில், புதிய கணினியில், மென்பொருள் எழுதியவர்களின் கையால் நடக்கின்றன. உத்திரமேரூர் ஒன்றியத்தின் 73 ஊராட்சிகளில் ஒன்றில் உட்கார்ந்திருப்பவரிடம் இருப்பது பழைய கணினி, மழை வந்தால் தளரும் இணைப்பு, வாசலில் இருபது பேர். பொத்தான் இடம் மாறினால் அவருக்கு ஒரு மனுவுக்கு இரண்டு நிமிடம் கூடும். நாளுக்கு 60 மனு என்றால் இரண்டு மணி நேரம். வரிசையின் கடைசியில் நிற்கிறவர்கள் அன்று திரும்பிப் போவார்கள்.

இந்த முடிவுகளை எடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒத்திகை நாளில் அப்படியொருவரை அழைத்து உட்கார வையுங்கள். வந்து போகும் செலவையும் அன்றைய சம்பளத்தையும் திட்டத்திலேயே எழுதுங்கள். அவர் தன் வழக்கமான மனுக்களைத் தன் வழக்கமான வேகத்தில் போடட்டும், முடிந்தால் அவருடைய கணினியிலேயே, அவருடைய இணைப்பிலேயே. எங்கே அவர் கை தயங்கி நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகள் தீரும்வரை தேதியை அறிவிக்காதீர்கள்.